தானே பட்டை போடும் நூல்

கைச்சாயம் போட்ட கம்பளி நூல் விற்கும் கடையில் நின்றால் முதலில் கண் போவது நிறத்தின் மேல்தான். மாதுளைச் சிவப்பு, மயில் நீலம், மஞ்சள், நடுவே கொஞ்சம் வெள்ளை என்று முறுக்கிய சிட்டங்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கி வந்துவிடுவோம். சாக்ஸ் பின்னி முடித்த பிறகுதான், கடையில் பார்த்தது ஒன்று, காலில் வந்தது வேறொன்று என்று தெரியும். பட்டை தானாக விழும் நூலின் அழகு முழுவதும் ஒவ்வொரு நிறமும் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. அதைக் கணக்குப் பார்த்து வாங்குவது எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். பெருக்கல் வகுத்தல் கொஞ்சம் வரும்.

நூலை அறுக்காமல், முடிச்சுப் போடாமல், ஒரே இழையை விடாமல் பின்னிக்கொண்டே போனால் நிறம் மாறி மாறிப் பட்டை விழ வேண்டும். அதற்கென்றே சாயம் ஏற்றிய நூல் இது. ஜெர்மனியின் ஓபல், ரெகியா போன்ற பெயர்களில் வருவதெல்லாம் ஆலையில் தயாராவது. கையால் செய்கிறவர்கள் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள சிறு பட்டறைக்காரர்கள். கனடாவில் கியூபெக்கைச் சேர்ந்த பிஸ்கோட் யார்ன்ஸ் இந்த வகை நூலுக்குப் பேர்போனது. டொரான்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு உள்நாட்டு அஞ்சலிலேயே வந்துவிடும்.

கையால் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நெசவாளர் பாவு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே சாயக்காரரும் வெள்ளை நூலைச் சுவரில் அடித்த முளைகளிலோ சுழலும் சட்டத்திலோ பெரிய வளையமாக ஓட்டுகிறார். ஒரு வளையத்தின் நீளம் 20 மீட்டர் அளவுக்கு வரும். 100 கிராம் நூலில் 400 மீட்டர் இருக்கும் என்றால் அது ஏறக்குறைய 20 முறை சுற்றி வரும். பிறகு அந்த வளையத்தை ஐந்து பாகமாகவோ ஆறு பாகமாகவோ பிரித்துக் கட்டி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி ஜாடியில் முக்குகிறார். ஜாடியில் இருப்பது வெந்நீர், அமிலச் சாயம், கொஞ்சம் வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம். சூட்டில் வைத்திருக்க வைத்திருக்க நூல் சாயத்தைக் குடித்து, ஜாடியில் தண்ணீர் மட்டும் தெளிந்து நிற்கும். அலசிக் காயவைத்து, அந்தப் பெரிய வளையத்தைச் சிக்கல் விழாமல் பிரித்து, ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள சாதாரணச் சிட்டமாக மறுபடி சுற்ற வேண்டும். சாயம் முக்குவதைவிட இந்தச் சுற்றுகிற வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும்.

கடையில் இந்தச் சிட்டம் கலவையாகத் தெரிவதற்குக் காரணம் இந்த மறுசுற்றுதான். ஒரு நிறம் 4 மீட்டர் ஓடினால், ஒன்றரை மீட்டர் சிட்டத்தில் அது மூன்று சுற்றுகூட வராது. அதன்மேல் அடுத்த நிறம், அதற்கும் மேல் அடுத்தது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். பட்டை எவ்வளவு அகலம் என்று வெறும் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் இது பட்டை விழும் நூலா இல்லையா என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். முறுக்கைப் பிரித்துச் சிட்டத்தை வளையமாக விரித்துப் பிடியுங்கள். ஒரு சிவப்பு இழையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். சிவப்பு மாறாமல் வளையம் முழுவதும் சுற்றி வந்தால் அது பட்டை விழும் நூல். வளையத்தின் ஒரு பக்கம் எல்லா இழையும் சிவப்பு, இன்னொரு பக்கம் எல்லா இழையும் நீலம் என்று துண்டு துண்டாக இருந்தால், சிட்டமாக இருக்கும்போதே சாயம் பூசிய நூல். அதில் ஒரு நிறம் 30, 40 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். சாக்ஸின் ஒரு சுற்றுக்குக்கூடப் போதாது. பின்னினால் பட்டைக்குப் பதில் திட்டுத் திட்டாகத்தான் வரும். அதற்கும் ஓர் அழகு உண்டு, பட்டையை நினைத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி கணக்கு. பெரியவர்கள் சாக்ஸுக்கு வழக்கமாக 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஊசியில் 64 கண்ணி போடுவோம். ஒரு சுற்று பின்ன ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நூல் செல்லும். உங்கள் கை இறுக்கமா தளர்ச்சியா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். நீங்களே அளந்துவிடுங்கள்: ஒரு சுற்றின் தொடக்கத்தில் நூலில் ஒரு வண்ண இழையைக் கட்டுங்கள், ஒரு சுற்று பின்னுங்கள், முடிந்த இடத்தில் இன்னொன்று கட்டுங்கள், அந்தச் சுற்றைப் பிரித்து இரண்டுக்கும் நடுவே அளவுகோல் வையுங்கள். இந்த ஒரு எண்ணைப் பின்னல் பையில் எழுதி வைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க உதவும்.

70 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 4.2 மீட்டர் ஓடும் நிறம் ஆறு சுற்றுப் பட்டையாக விழும். கணுக்காலில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். பார்க்க அழகான அளவு. அதே நூலில் குழந்தைக்கு 48 கண்ணியில் பின்னினால் ஒரு சுற்றுக்கு 52 சென்டிமீட்டர்தான் செல்லும். பட்டை எட்டுச் சுற்றாகத் தடித்துவிடும். பெரிய பாதத்துக்கு 72 கண்ணி போட்டால் ஐந்து சுற்றுச் சொச்சமாகச் சுருங்கும். அதனால் விற்பவர் "ஆறு சுற்றுப் பட்டை" என்று சொன்னால், "எத்தனை கண்ணிக்கு?" என்று உடனே கேளுங்கள். நல்ல சாயக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

அடுத்தது நிறங்களின் எண்ணிக்கை. ஆசைக்கு அளவில்லை, பன்னிரண்டு நிறம் உள்ள சிட்டம் கண்ணைப் பறிக்கும். ஐந்து நிறம், ஆறு சுற்று என்றால் 30 சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 21 மீட்டருக்கு ஒருமுறை வரிசை திரும்பும். கணுக்கால் பகுதியின் 15 சென்டிமீட்டரில் அது இரண்டு முறை வந்துவிடும். பன்னிரண்டு நிறம் என்றால் 72 சுற்று, 50 மீட்டர். ஒரு வரிசை முடிவதற்குள் குதிகால் வந்துவிடும். இரண்டு காலும் ஒரே மாதிரி வர வேண்டுமானால் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது சாக்ஸை முதலாவது தொடங்கிய அதே நிறத்தில் தொடங்க, நடுவில் வரும் நூலைச் சுற்றித் தனியே வைக்க வேண்டும். மோசமாகப் போனால் ஒரு முழு வரிசை, அதாவது 50 மீட்டர், வீணாகும். நடுத்தரப் பாதத்துக்கு ஒரு சாக்ஸ் 140, 150 மீட்டரில் முடியும் என்பதால் 400 மீட்டரில் சமாளிக்கலாம். பாதம் பெரிதாக உள்ள ஆணுக்குப் பின்னினால் பெருவிரல் பக்கம் நூல் தீர்ந்துவிடும். என் கருத்தில் முதல் ஜோடிக்கு நான்கிலிருந்து ஆறு நிறம் போதும். 50 கிராம் வீதம் ஒரே இடத்தில் தொடங்கும் இரட்டைச் சிட்டமாகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நிறப் பொருத்தத்துக்கு ஒரு எளிய சோதனை. சிட்டத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்த்தி ஒன்றாக இருக்கும் நிறங்கள் அதில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். அவை அடுத்தடுத்து வந்தால் சாக்ஸிலும் எட்ட நின்று பார்க்கும்போது பட்டை எடுப்பாகத் தெரியாது. சாயக்காரரின் கைத்திறனை அளக்க வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். இரண்டு ஜாடிக்கு நடுவில் உள்ள நூலில் சாயம் ஊர்ந்து ஏறும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே வெள்ளை பளிச்சென்று நின்றால் தேர்ந்த கை.

நூலின் இயல்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்ஸுக்கு 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் என்பது பல காலமாகப் பழகிய கலவை. குதிகாலும் பெருவிரலும் தேயாமல் காப்பது நைலான். நைலானும் அமிலச் சாயத்தை ஏற்கும் என்பதால் நிறமும் ஒன்றுபோலப் பிடிக்கிறது. பருத்தி கலந்தால் அப்படிப் பிடிக்காது. சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் கம்பளி இழையின் செதில்களை மழுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். துவைத்தால் சுருங்கி இறுகாது. இழையை விரலில் உருட்டிப் பாருங்கள், முறுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒற்றைப் புரி நூல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சாக்ஸுக்கு வேண்டாம்.

பட்டை நூல் வாங்குகிறவர்கள் குதிகாலை மறந்துவிடுகிறார்கள். வழக்கமான மடல் குதிகாலில் பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னும் பின்னுகிறோம். வரிசைக்குப் பாதி நூல்தான் செல்லும் என்பதால் அங்கே பட்டை இரட்டிப்பு உயரமாகிவிடும். அது முடிந்து பாதத்தின் மேல்பக்கத்துக்குத் திரும்பும்போது நிற வரிசை நடுவில் தாவியிருக்கும். இதற்கு வழி, பிறகு சேர்க்கும் குதிகால். குதிகால் வர வேண்டிய இடத்தில் பாதிக் கண்ணிகளை வேறொரு துண்டு நூலால் பின்னிவிட்டு, குழாய் போலப் பாதத்தை முடித்துவிடுவது. கடைசியில் அந்தத் துண்டை உருவி, திறந்த கண்ணிகளை ஊசியில் ஏற்றிக் குதிகாலைப் பின்னுவது. பட்டை ஓரிடத்திலும் உடையாது. அந்தக் குதிகாலுக்கென்றே ஒற்றை நிறத்தில் 20 கிராம் குட்டிச் சிட்டம் சேர்த்து விற்கிறார்கள். தவறாமல் வாங்குங்கள், குதிகாலும் விரல்முனையும் அதில் போனால் பட்டை நூலும் மிச்சமாகும்.

பின்னும் முன் கடும் சிவப்பையும் நீலப்பச்சையையும் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் விற்றவருக்கு எழுதுங்கள். நல்லவர் மாற்றித் தருவார்.

இந்த நூல் சாதாரணக் கைச்சாய நூலைவிட விலை கூடுதல். 400 மீட்டரை நீளவாக்கில் ஓட்டி, பிரித்துக் கட்டி, ஐந்து ஜாடியில் முக்கி, திரும்பச் சுற்றிய உழைப்புக்கான விலை அது. கண்ணிக் கணக்கு, வரிசையின் நீளம், குதிகால் சிட்டம் என்று எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.