தாமரையின் சுற்றத்தார்

தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் வளர்வன. சேற்றில் வேரூன்றி நீர்ப்பரப்பில் மலர்வன. ஆதலால் இவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று எண்ணுவது இயல்பே. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசும் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், தாமரையை அல்லிச் சாதியிலேயே சேர்த்தார்.

ஆயினும், கூர்ந்து நோக்குவோர்க்கு வேற்றுமை புலனாகும். அல்லியிலை நீரில் மிதக்கும். விளிம்பிலிருந்து காம்பு வரை பிளவுபட்டிருக்கும். தாமரையின் முதிர்ந்த இலையோ நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும், பிளவின்றி வட்டமாயிருக்கும், காம்பு அதன் நடுவிற் பொருந்தும். அல்லிக்காய் நீருள் மூழ்கி முதிரும். தாமரைக்காய்கள் நீருக்கு மேலே, பொகுட்டின் குழிகளில் முதிரும். அல்லியின் மகரந்தமணியில் உள்ள திறப்பு ஒன்று. தாமரையின் மகரந்தமணியில் மூன்று. மூன்று திறப்புக்கள் அவரை, மா முதலியவற்றை உள்ளடக்கிய பெருங்கூட்டத்தின் அடையாளமாகும்.

அவ்வாறாயின் தாமரையின் சுற்றத்தார் யாவர்? இவ்வினாவுக்கு 1990களில் மரபணு ஆராய்ச்சி விடையளித்தது. நீர்ச்செடியாகிய தாமரைக்கு நெருங்கிய உறவினர் நிலத்து மரங்களே! ஐரோப்பிய நகர வீதிகளில் நிழல் தரும் பிளேன் மரமும், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்ட கிரெவிலியா மரமும் அவற்றுட் சில. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவற்றின் வழிகள் பிரிந்துவிட்டன. தாமரை நீரிற் புகுந்து வாழத் தலைப்பட்டது. நீர்வாழ்க்கையே அதற்கு அல்லியின் சாயலை அளித்தது. எனவே, தோற்றத்தின் ஒற்றுமை பிறப்பின் ஒற்றுமை ஆகாது.

தாமரைக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரே சாதி. அதில் இரண்டே இனங்கள். செந்நிறமும் வெண்ணிறமும் உடைய இனம் ஆசியாவிலும் வட அவுஸ்திரேலியாவிலும் வளர்கிறது. மஞ்சள் இனம் அமெரிக்காவுக்கு உரியது. முற்காலத்தில் வேறு பல இனங்களும் வாழ்ந்து மறைந்தன என்பதைக் கற்படிவங்கள் காட்டுகின்றன.

எஞ்சிய இக்குடும்பத்தின் ஆற்றல் பெரிது. சுற்றுக்காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறைந்தபோதும், தாமரைமலர் தன்னுள் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் காக்கின்றது. அவ்வெப்பம் மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் வண்டுகளுக்கு உதவுகிறது. சீனாவில் வறண்ட ஏரியொன்றின் அடிமண்ணிற் கிடந்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழைமையுள்ள தாமரைவிதை, ஓடு உடைத்து நீரிலிட்டதும் முளைத்தது.

ஆனால், விதை காலத்தை வென்றாலும், வளர்வதற்குக் குளம் வேண்டும். தாமரைக்குளம் ஒன்று தூர்ந்துபோகுமாயின், அழிவது ஒரு மலர்ச்செடி மட்டுமன்று. பத்துக் கோடி ஆண்டு கடந்துவந்த பழங்குடும்பத்தின் வீடொன்றும் அழிகின்றது.