ஸ்பார்க் பிளக்கும் சிலபஸும்

இளைஞர்களிடம் புதுமைச் சிந்தனை இல்லை என்று தொழில்துறையினர் குறைபடுகிறார்கள். உடனே கல்லூரிகள் அதற்கொரு பாடம், ஒரு பயிலரங்கு, ஒரு சான்றிதழ் என்று ஏற்பாடு செய்கின்றன. புனேயை ஒட்டிய ஆகுர்டியில் இயங்கும் பஜாஜ் நிறுவனத்தின் கதை வேறொன்றைச் சொல்கிறது. உற்பத்திக்கு அரசு உரிமம் தேவைப்பட்ட லைசென்ஸ் ராஜ் காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்குபவர் வரிசையில் நிற்கும்போது புதுமைக்கு என்ன அவசரம்? 1972-ல் வந்த சேத்தக் பெரிய மாற்றமில்லாமலே பல்லாண்டு விற்றது. ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி பைக்குகள் மைலேஜைக் காட்டி வாடிக்கையாளரை இழுத்த பிறகுதான் நெருக்கடி முற்றியது. 2001-ல் பஜாஜின் பல்சர் பைக் வந்தது. 2003-ல், ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த டிடிஎஸ்-ஐ இன்ஜின் வந்தது. இரு பக்கமும் தீப்பற்றுவதால் எரிபொருள் கலவை விரைவாக, முழுமையாக எரியும். இந்த உத்திக்கான காப்புரிமைக்காக பஜாஜும் நம்மூர் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை மோதின. முன்பு அங்கே மூளைக்குப் பஞ்சமில்லை. தீர்த்தே ஆகவேண்டிய சிக்கல்தான் இல்லை.

அப்படியானால் மாணவர்களுக்கும் சிக்கலைக் கொடுப்போம் என்றால், அடிப்படை தெரியாதவனிடம் சிக்கலைக் கொடுத்து என்ன பயன் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரட்டைப் பிளக் விமான இன்ஜின்களில் முன்பே இருந்தது. அதைச் சின்ன இன்ஜினுக்குப் பொருத்திப் பார்க்க எரிதலின் இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அடிப்படையை முடித்துவிட்டுத்தான் சிக்கல் என்று காத்திருந்தால் நான்கு வருடமும் போய்விடும். பாஹா எஸ்ஏஇ போட்டியில் மாணவர்கள் கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டியைத் தாங்களே கட்டுகிறார்கள். எல்லா அணிக்கும் ஒரே வகை இன்ஜின் என்பதால், சேசிஸிலும் சஸ்பென்ஷனிலும்தான் அவர்கள் மூளையைக் காட்டியாக வேண்டும். உடைந்த வெல்டிங் கற்றுத்தருவதைப் பரீட்சைத் தாள் கற்றுத்தராது.

ஆலைக்குத் தேவை விதிப்படி வேலை செய்பவர்தானே என்பது இன்னொரு வாதம். இன்றைய விதி நாளைக்கும் நிற்குமானால் ஒப்புக்கொள்ளலாம். 2022 ஜூனில் அதே ஆகுர்டியில் மின்சார சேத்தக் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆகவே புதுமைச் சிந்தனை வேண்டும்தான்; ஆனால் அதற்கெனத் தனிப் பாடம் தேவையில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் காசுக்கு வாங்கி ஒப்படைக்கும் வழக்கத்தை ஒழித்து, தோற்றுப்போன முயற்சிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.