புதுப் பிறையும் யோகாசனமும்



அமாவாசை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வீட்டில் விரதம், காக்காவுக்குச் சோறு, கடை வாசலில் உடைக்கும் திருஷ்டிப் பூசணிக்காய். அது முடிந்ததும் வருகிற பிறையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் யூத மக்களுக்கு அந்தப் பிறையோடுதான் புது மாதம் பிறக்கிறது. யூதர்கள் நம்ம சென்னைக்குப் புதியவர்கள் இல்லை. மண்ணடியில் இருக்கும் பவளக்காரத் தெரு, 17ஆம் நூற்றாண்டில் பவள வியாபாரம் செய்த யூத வணிகர்களால் பெயர் பெற்றது.

மாதப் பிறப்பை அவர்கள் 'ரோஷ் ஹோதெஷ்' என்கிறார்கள். எபிரேய மொழியில் 'ரோஷ்' என்றால் தலை, 'ஹோதெஷ்' என்றால் மாதம். நாம் தலைப்பிள்ளை, தலைதீபாவளி என்று சொல்கிறோமே, அதே மாதிரி மாதத்தின் தலை!

பழங்காலத்தில் மெல்லிய பிறையைக் கண்ணால் பார்த்தவர்கள் எருசலேமுக்குப் போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் மாதம் பிறந்ததாக அறிவிப்பார்கள். இப்போது கணக்குப் போட்டே நாள் குறிக்கிறார்கள். சந்திர மாதம் 29 அல்லது 30 நாள். 12 மாதம் சேர்த்தால் ஏறக்குறைய 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் 'அதிக மாசம்' வருவதும் இதற்காகத்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 2025 மார்ச் 29 அமாவாசை. 30ஆம் தேதி தெலுங்கு வருடப் பிறப்பான யுகாதி. அதே நாளில் யூதர்களுக்கு நிசான் மாதப் பிறப்பு. 31ஆம் தேதி நம் ஊரில் ரம்ஜான் பெருநாள். எல்லாம் ஒரே நிலா செய்த வேலை!

சரி, இதில் யோகா எங்கே வந்தது என்கிறீர்களா? 'செஃபெர் யெட்சிரா' என்ற பழைய எபிரேய நூல் ஒவ்வொரு மாதத்துக்கும் மனிதனின் ஒரு செயலைச் சேர்த்துச் சொல்கிறது. நிசானுக்குப் பேச்சு, சிவானுக்கு நடை, கிஸ்லேவுக்கு உறக்கம், ஆதாருக்குச் சிரிப்பு. அமெரிக்கா போன்ற நாடுகளில் சில யூதப் பெண்கள் மாதப் பிறப்பன்று ஒன்றுகூடி, அந்த மாதத்தின் கருத்தை மனதில் வைத்து ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்கிறார்கள். அன்று பெண்கள் சில வேலைகளை விட்டு ஓய்வெடுப்பது யூதர்களின் பழைய வழக்கம். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்றுக்கொடுத்த அஷ்டாங்க யோகா முறையிலும் அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் பயிற்சிக்கு லீவுதான்.

"ரெண்டையும் இப்படிக் கலக்கலாமா? வேற சாமியைக் கும்பிடுற மாதிரி ஆயிடாதா?" என்று கேட்கும் யூதர்களும் உண்டு. இந்தக் கேள்வி நமக்கும் தெரிந்ததுதான். "எங்க வீட்ல சூரிய நமஸ்காரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று யோகா வகுப்பில் ஓரமாக உட்காரும் தோழியைச் சிலர் கேலி செய்கிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. 2015 ஜூன் 21 அன்று முதல் சர்வதேச யோகா தினம் வந்தபோது இதே சர்ச்சை எழுந்தது. அரசாங்கமே பொதுப் பயிற்சியில் சூரிய நமஸ்காரத்தைச் சேர்க்காமல் விட்டது.

ஜோயிஸுக்கே குருவாக இருந்தவர் கிருஷ்ணமாச்சாரியார். நம் சென்னையில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1989இல் மறைந்தவர். கண்ணை மூடியதும் கடவுளை நினையுங்கள், இல்லாவிட்டால் சூரியனை நினையுங்கள், அதுவும் இல்லாவிட்டால் அப்பா அம்மாவை நினையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வாராம். எவ்வளவு பெரிய மனசு! மூச்சு எல்லாருக்கும் பொது. உள்ளே யாரை நினைப்பது என்பது அவரவர் விருப்பம்.

அடுத்த அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாளில், சூரியன் மறைந்ததும் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல், மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். பிறகு, நிசான் மாதத்துக்குச் சொன்னது போல, இந்த மாதம் யாரிடம் எப்படிப் பேசப் போகிறோம் என்று யோசியுங்கள். யோகா வேண்டாம் என்பவர்கள் சும்மா பிறையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்!