பேருந்து எப்போது வரும்?

சென்னையில் நான் வழக்கமாகப் பேருந்து ஏறும் நிறுத்தத்தில், ஒரு மாலை வேளையில், வீட்டு வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஃப்ரீ பஸ் இப்ப வருமா?" எதிரே ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கைப்பேசிச் செயலியைப் பார்த்து, "எட்டு நிமிஷத்துல வரும்மா" என்றேன். ஆட்டோவில் ஏறப்போனவர் நின்றுவிட்டார். பேருந்தும் வந்தது, அவருக்கு இருபது ரூபாய் மிஞ்சியது.

எந்த வாகனத்தில் செல்வது என்பதைக் கட்டணம் மட்டுமே தீர்மானிப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரியாத தவிப்பும் அதைத் தீர்மானிக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ஆனால், அந்தப் பேருந்து எப்போது வரும் என்று தெரியாதவர், கையிலிருக்கும் காசைக் கொடுத்து ஆட்டோவில் ஏறிவிடுகிறார்.

பேருந்தில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவி அது இருக்குமிடத்தைத் தொடர்ந்து தெரிவிக்கிறது. தொலைவையும் வேகத்தையும் கொண்டு, நிறுத்தத்தை அடையும் நேரத்தைக் கணினி கணிக்கிறது. சென்னை மாநகரப் பேருந்துகளுக்கான 'சென்னை பஸ்' செயலி 2022 மே மாதம் அறிமுகமானது.

இத்தகைய தகவலால் என்ன பயன்? அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பயணிகளிடம் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. தகவல் இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு உள்ளதைவிட நீண்டதாகத் தோன்றியது. நிகழ்நேரத் தகவல் பெற்றவர்களுக்கு அந்த மயக்கம் இல்லை. பேருந்து வரும் நேரம் தெரிந்து நிறுத்தத்துக்கு வந்ததால், அவர்கள் காத்திருந்த நேரமும் குறைந்தது. சிகாகோ, நியூயார்க் ஆய்வுகளில் பேருந்துப் பயணங்கள் கூடியது ஏறத்தாழ 2 சதவீதமே. சிறிய அளவுதான், ஆனால், தகவலால் மட்டுமே கிடைத்த பயன் அது.

தகவல் எப்போதும் பேருந்துக்கே ஆள் சேர்க்கும் என்பதும் இல்லை. 'அடுத்த பேருந்து 40 நிமிடத்தில்' என்று காட்டினால், காத்திருக்க நினைத்தவரும் ஆட்டோவை நாடுவார். போதிய பேருந்துகள் இல்லாத குறையைச் செயலி ஈடுசெய்யாது, வெளிச்சமிட்டுக் காட்டும். எந்த வழித்தடத்தில், எந்த நேரத்தில் பேருந்து குறைவு என்பதை நிர்வாகமும் அந்தத் தரவிலிருந்தே அறியலாம்.

தவறான தகவலோ, தகவல் இல்லாமையைவிடத் தீங்கானது. திரையில் வந்த பேருந்து தெருவில் வராமற்போனால், ஓரிரு முறைகளிலேயே நம்பிக்கை தகர்ந்துவிடும். அப்படி ஏமாந்தவர் மாதத் தவணையில் இருசக்கர வாகனம் வாங்கிவிட்டால், பிறகு எளிதில் பேருந்துக்குத் திரும்பமாட்டார். சாலையில் நெரிசல் கூடும். பேருந்து மேலும் தாமதமாகும்.

எனவே, கணிப்பு சரியாக இருக்கிறதா என்று நாள்தோறும் சரிபார்க்க வேண்டும். சேவை ரத்தானால் உடனே அறிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் கைப்பேசிக்குள் மட்டும் அடைபட்டுவிடக் கூடாது. எந்தப் பேருந்து, கட்டணமில்லாததா, எத்தனை நிமிடத்தில் என்பதைத் தமிழில் காட்டும் பலகைகள் நிறுத்தங்களில் வேண்டும். பார்வையற்றோருக்கு ஒலி அறிவிப்பும் வேண்டும்.

அன்று அந்தப் பெண்மணிக்குப் பதில் சொல்ல நான் இருந்தேன். பேருந்தை அதிகம் நம்பியிருப்பவர், அதன் வருகையை அறிய அயலாரின் கைப்பேசியை நம்பி நிற்கலாகாது.