தின்னாத நாய் ஏன் பம்முகிறது?

செல்லப்பிராணிகள் பக்கத்துக்குக் கேள்வி அனுப்பக் கடைசி நாள் நேற்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்: “செருப்பைக் கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. செய்த தப்பு அதற்குத் தெரியும்தானே?” நாய்க்குப் பயமும் சந்தோஷமும் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நாமும் அதற்குள் போகவில்லை.

குற்ற உணர்ச்சி என்று எதைச் சொல்கிறார்கள்?
விதியை மீறிவிட்டோம் என்று தானே உணர்வது. யூடியூப் வீடியோக்கள் அந்தப் பெயரில் காட்டுவதோ மடங்கிய காது, தாழ்ந்த வால், விலகும் பார்வை.

இரண்டும் ஒன்றில்லையா?
நியூயார்க் பர்னார்டு கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வின் சூட்சுமம் இங்கேதான். மொத்தம் 14 நாய்கள். வளர்ப்பவர் தின்பண்டத்தைக் காட்டி, “தொடாதே” என்று சொல்லிவிட்டு வெளியே போவார். அந்த இடைவெளியில் ஆய்வாளர் சில முறை அதை நாய்க்கே கொடுத்துவிடுவார். சில முறை எடுத்துவிடுவார். பிறகு வளர்ப்பவரிடம் “தின்றுவிட்டது” என்றோ “தொடவில்லை” என்றோ சொல்வார். சில சுற்றுகளில் அது அப்பட்டமான பொய். ஆக, தின்ற நாய்க்குக் கொஞ்சலும் தின்னாத நாய்க்குத் திட்டும் கிடைத்தன. வீட்டில் தப்பும் திட்டும் ஒட்டிக்கொண்டே வரும். இந்தப் பொய் அவற்றைப் பிரித்துக் காட்டியது.

தின்றதா இல்லையா என்பதால் அந்த முகம் மாறவில்லை. திட்டியபோது வந்தது. அதுவும், ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் தூக்கலாக வந்தது.

உறுத்துவது இதன் மறுபக்கம். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், நாய் அந்த அடியைச் செருப்போடு முடிச்சுப் போடாது; நீங்கள் கதவைத் திறந்ததோடு போடும். மறுநாள் கதவுச் சத்தத்துக்கே பம்மும். “பார், அதற்கே தெரிகிறது” என்று இன்னொரு அடி விழும்.

அப்படியானால் குற்ற உணர்ச்சியே கிடையாதா?
ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அந்த முகம் சாட்சிக்கு உதவாது, அவ்வளவுதான்.

பொறாமை?
2014 கலிஃபோர்னியா ஆய்வில், பொம்மை நாயைக் கொஞ்சியவர்களை நாய்கள் இடித்துத் தள்ளின. பல நாய்கள் பொம்மையின் பின்புறத்தையும் முகர்ந்தன, அது பொறாமையில் சேருமா?

அநியாயம் புரியுமா?
2008 வியன்னா ஆய்வில், பக்கத்து நாய்க்கு மட்டும் தீனி கிடைத்தால் கை கொடுப்பதைச் சீக்கிரம் நிறுத்தின. ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்கு இறைச்சி என்றால் கண்டுகொள்ளவில்லை.

தன்னைத் தெரியுமா?
கண்ணாடியில் தெரியாது, தான் நிற்கும் பாயோடு கட்டிய பொம்மையைக் கேட்டால் பாயைவிட்டு இறங்கத் தெரியும் என்கிறது 2021 புடாபெஸ்ட் ஆய்வு.

செருப்புக்கு என்ன வழி?
உயரத்தில் வையுங்கள்.