இரும்புக்குத் தாழ்ந்த குரல், வெள்ளிக்கு உயர்ந்த குரல்

1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸ்ன் என்ற கிராமத்து வயலில் எரிக் லாவ்ஸ் என்பவர் தேடிப் போனது ஒரு சுத்தியலை. விவசாயியான நண்பர் தொலைத்த சுத்தியல் அது. மெட்டல் டிடெக்டர் பலமாக ஒலித்த இடத்தைத் தோண்டியதும் ரோமானியர் காலத்துக் காசுகளும் கரண்டிகளும் வெளிவந்தன. கொஞ்சம் எடுத்தவுடன் அவர் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து, புதைத்த நிலை கலையாமல் அகழ்ந்தார்கள். பொன்னும் வெள்ளியுமாக ஏறக்குறைய 15,000 நாணயங்கள் கிடைத்தன. சுத்தியலும் பிறகு அகப்பட்டது. இன்று புதையலோடு அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.

சுத்தியலுக்கும் வெள்ளிக்காசுக்கும் ஒரே கருவிதான் ஒலிக்கிறது. ஆனால் பெரும்பாலான கருவிகள் இரண்டுக்கும் ஒரே குரலில் ஒலிப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் காதில் பிடிப்பதுதான் கருவியைக் கையாள்வதில் பெரும்பாதி வேலை.

பிறந்த நாளிலிருந்தே இது காதை நம்பிய கருவி. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கம்பிச்சுருள்கள், ஒரு மின்கலம், அவற்றோடு தொலைபேசியில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி. உலோகம் அருகில் வந்தால் அதில் இரைச்சல் கேட்கும். மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. போதாததற்கு மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள். உலோகம் இருப்பதைக் கருவி சரியாகவே சொன்னது. எந்த உலோகம் என்று சொல்ல அதற்கு வழியில்லை. கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்தார். அந்தக் குறையைத் தீர்க்கப் பிற்காலத்தில் வந்தவையே இன்றைய பல குரல்கள்.

இன்றைய கருவிகள் பலவற்றில், தரையை ஒட்டி நகர்த்தும் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அந்தச் சுழல்கள் தங்களுக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அதை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலையோடு ஒப்பிட்டால், வந்த அலை சற்றுப் பின்தங்கியிருக்கும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தாளில் சுழல் உடனே அடங்கிவிடும்; பின்தங்கல் குறைவு. தடித்த வெள்ளிக்காசில் சுழல் நெடுநேரம் நிற்கும், பின்தங்கல் அதிகம். இரும்பின் கதை வேறு. அது தானே காந்தமாகி, அனுப்பிய அலையோடு ஏறத்தாழ ஒத்துப்போய்விடுகிறது.

இந்தப் பின்தங்கலை அளந்து கருவி அதற்கொரு குரல் கொடுக்கிறது. பழைய வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டிப் பார்ப்பார்களே, அந்த ஒலி காசினுடையது. ஹெட்போனில் கேட்பது உலோகத்தின் ஒலியே அல்ல. கருவியை வடிவமைத்தவர் சூட்டிய அடையாளம். இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, அலுமினியத் தாளுக்கும் நிக்கல் காசுக்கும் நடுத்தர ஒலி, செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த ஒலி என்பது பொதுவான வழக்கம். சில கருவிகளில் ஒரே குரல், சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று, இன்னும் சிலவற்றில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சுருதி. குரலோடு சேர்ந்து சில கருவிகளின் திரையில் தெரியும் எண்ணும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே ஒரு கருவியில் பழகிய காது அடுத்த கருவியில் புதிதாகப் பழக வேண்டும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி தங்கத்தைப் பற்றியது. தங்கத்துக்கென்று தனிக்குரல் கிடையாது. சுத்தத் தங்கம் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். நகைக்காகப் பிற உலோகம் கலந்தபின் கடத்துதிறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிறு மோதிரம் ஒலிக்கும் அதே நடுத்தரச் சுருதியில்தான் குளிர்பான டப்பாவின் திறப்பு வளையமும் ஒலிக்கிறது. கடற்கரையில் மோதிரம் தேடுகிறவர் வளையங்களையும் தோண்டியே ஆக வேண்டும். இதற்குக் குறுக்குவழி இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்லிய சங்கிலி இன்னும் சிரமம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு துண்டாகவே கருவிக்குத் தெரிவதால், பல சமயம் கொக்கி மட்டும் லேசாக ஒலிக்கும்.

இரும்பும் ஏமாற்றும். வளைந்த ஆணி, வாஷர், குதிரை லாடம், தட்டையான தகடு ஆகியவை வெள்ளியைப் போல உயர்ந்த குரலில் ஒலிக்கக்கூடும். இங்கேதான் சுருதியைவிட ஒலியின் உருவம் உதவுகிறது. தட்டை ஒரு திசையில் வீசிக் கேட்டபின், சுற்றி வந்து நின்று குறுக்காக வீச வேண்டும். கிடையாகக் கிடக்கும் காசு எந்தப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி, தொடக்கமும் முடிவும் சுத்தமாக ஒலிக்கும். ஆணி ஒரு பக்கம் கீச்சென்று உயர்ந்து, மறுபக்கம் உறுமும் அல்லது உடைந்து போகும். ஒலியின் பலமும் பேசுகிறது. மெல்ல ஒலித்தால் பொருள் சிறிதாக இருக்கலாம், ஆழத்தில் இருக்கலாம். தட்டை உயரத் தூக்கிய பிறகும் ஒலி குறையவில்லை என்றால் கீழே கிடப்பது பெரிய தகரமோ குழாயோ.

புதியவர்கள் முதலில் செய்வது இரும்பின் ஒலியை அடைத்துவிடுவது. கருவியில் அதற்கு வசதி உண்டு, சத்தமும் குறையும். நான் அதை ஆதரிக்க மாட்டேன். ஆணிகள் நிறைந்த பழைய குடியிருப்பு மேட்டில், ஓர் ஆணிக்குப் பக்கத்திலேயே காசு கிடந்தால், ஆணியை ஒதுக்கி முடித்துக் கருவி மீள்வதற்குள் தட்டு காசைக் கடந்துவிடும். உறுமலைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதன் நடுவே துளியாக எழும் உயர்ந்த ஒலி பிடிபடும். அடைத்துவிட்டவருக்கு ஒரு சிறு இடைவெளிதான் மிஞ்சும்.

எதையும் அடைக்கவே கூடாத இடமும் உண்டு. இலங்கையின் வடக்கில், முகமாலை போன்ற பகுதிகளில், மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் இந்தக் கருவிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பலர். பிளாஸ்டிக் உடல்கொண்ட மிதிவெடிகளில் உலோகம் மிகச் சொற்பம்; அதே மண்ணில் துப்பாக்கி ரவைகளும் எறிகணைச் சிதறல்களும் ஏராளம். இது வெடி, இது சிதறல் என்று குரலை வைத்துத் தீர்மானிக்க அங்கே இடமில்லை. ஒலித்த ஒவ்வொரு புள்ளியையும் வெடியாகவே எண்ணி, பக்கவாட்டிலிருந்து மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வருவது துருப்பிடித்த துண்டுதான். அடுத்த ஒலிக்கும் அதே நிதானம் வேண்டும். இந்த வேலையில் முழுக் கவனமும் கருவி கேட்க வேண்டியதைக் கேட்கிறதா என்பதில் இருக்கிறது. அதனால் வெடிநிலத்துக்குள் இறங்குவதற்கு முன்பு, தெரிந்த அளவு உலோகம் கொண்ட சோதனைத் துண்டின் மேல் கருவியை வீசி, குரல் தெளிவாக எழுகிறதா என்று பார்க்கிறார்கள். எழவில்லை என்றால் அந்தக் கருவியோடு உள்ளே போவதில்லை.