நாராயண் பேட்டில் ஒண்டுக்குடித்தனம்

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் எவரைக் கேட்டாலும், முதற்கவலை ஜாகைதான் என்பார். ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவான நாம், புனே நிலையத்துப் பார்சல் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தபோது நமக்கும் அக்கவலை வாய்த்தது. குடியிருப்பில் வீடு கிடைக்கும் வரை தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், நாராயண் பேட்டில் தம் உறவினர் இல்லத்தைக் காட்டினார். முதிய மராட்டியத் தம்பதியர். பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில். மாடியில் இரண்டு அறைகள் நமக்கு. சமையற்கட்டு மட்டும் கீழே, இரு குடும்பத்துக்கும் பொது. நாம், நம் மனைவி, நான்கு வயது மகள் ஆகிய மூவரும் இரண்டு பெட்டிகளும் ஓர் இட்லிப் பானையுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

குடியேறுமுன் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். இங்கே இதனை 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி இது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதியும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வாய்ப்பேச்சை நம்பிக் குடிபோகும் அன்பர்கள் இதை மனத்திற் கொள்வது நலம்.

'பேட்' என்பது நம் 'பேட்டை'யே அன்றி வேறில்லை. வீட்டை 'வாடா' என்பார்கள். நடுவே திறந்த முற்றம், அதில் துளசி மாடம், சுற்றிலும் மரத்தூண்கள், முன்புறம் 'ஓசரி' எனப்படும் தாழ்வாரம். தஞ்சை ஜில்லாவில் பிறந்த நமக்கு, கூடமும் ரேழியும் உள்ள நம் ஊர் வீட்டைச் சற்றுத் திருப்பி வைத்தாற்போல் இருந்தது. முற்றத்துச் சுவரில் ஆளுயரத்துக்குமேல் ஒரு கறுப்புக் கோடு. 1961 ஜூலை 12-ஆம் தேதி பான்ஷெட் அணை உடைந்து, அந்த வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா ஆற்றின் வழியே ஊருக்குள் புகுந்த நாளில், தண்ணீர் நின்ற மட்டம் அது. வீட்டுக்காரருக்கு அப்போது பத்து வயது. விருந்தாளி எவர் வந்தாலும் முதலில் அந்தக் கோட்டைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

அவரை நாம் 'காகா' என்றும், அம்மையாரைக் 'காகூ' என்றும் அழைத்தோம். நம் மகளுக்கு அவர்கள் 'ஆஜோபா', 'ஆஜி'. தஞ்சாவூர் என்றதும் காகாவின் முகம் மலர்ந்தது. 1676-இல் வேங்கோஜி தஞ்சையைக் கைக்கொண்டது முதல் 1855-இல் அரசு முடிந்தது வரை ஒப்பித்தவர், "பெரிய கோவிற் சுவரில் 1803-இல் மராட்டியில் வெட்டிய போஸ்லே வம்ச சரித்திரம் இருக்கிறதே, படித்திருக்கிறீரா?" என்று கேட்டார். அச்சுவரில் சாய்ந்து கடலை தின்றிருக்கிறோமே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகப் போயிற்று.

நிற்க. அன்றாட வாழ்வைச் சொல்ல வந்தோம். முதல் பதினைந்து நாள் அவர்களோடேயே சாப்பாடு. தட்டில் உப்பு மேலே நடுவில், சட்டினியும் கோசிம்பீரும் இடப்புறம், காய்கறி வலப்புறம். கோசிம்பீர் நம் கோசுமல்லிதான். முதலில் சோற்றின்மேல் 'வரண்' என்னும் பருப்பும் நெய்யும் எலுமிச்சையும், பிறகு 'போளி'. போளி என்றதும் இனிப்பை எதிர்பார்த்த நாம் ஏமாந்தோம். இங்கே அது வெறும் கோதுமைச் சப்பாத்தி. கடைசியில் மோரும் சோறும் உண்டென்று அறிந்தபோது நம் மனைவிக்குப் போன உயிர் வந்தது. 'ஆம்டி' என்னும் குழம்பில்தான் சங்கடம். துவரம்பருப்பு, புளி எல்லாம் நம்முடையவை. ஆனால் வெல்லமும் போடுகிறார்கள்! சாம்பாரில் வெல்லமில்லை என்று காகூவுக்கு வருத்தம். ஆம்டியில் இருக்கிறதென்று நமக்கு வருத்தம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

விதிகளும் உண்டு. முட்டை, மீன் வீட்டுக்குள் கூடாது. பகல் ஒன்று முதல் நான்கு வரை எவரும் மணியடிக்கலாகாது. இவ்வூரில் அநேக கடைக்காரர்களே அந்நேரம் கதவை இழுத்து மூடிவிட்டு உறங்குகிறவர்கள் ஆயிற்றே! இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுக்கும் நமக்கு இவ்விதி வரப்பிரசாதம். டிசம்பர்க் குளிரில் இட்லி மாவு பொங்காமல் கிடந்தபோது, காகூ தம் கம்பளியைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, அன்றிரவு இரண்டு புடவைகளைப் போர்த்திக்கொண்டு உறங்கினார்.

ஏகாதசி தோறும் ஜவ்வரிசிக் கிச்சடி. "இது மகாராஷ்டிரத்தின் விரத உணவு" என்றார் காகா பெருமையுடன். ஜவ்வரிசிக்குப் பெயர்போனது நம் சேலம் என்பதையும், மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் திரட்டி அதைச் செய்கிறார்கள் என்பதையும், 1981 முதல் அவ்வூரில் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமே நடந்துவருவதையும் நாம் எடுத்துச் சொன்னோம். பெரிய கோவிற் சுவருக்கு அன்று பழி தீர்த்துக்கொண்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சுகத்திலும் ஒரு முள் இருந்தது. ஆறாவது மாதம், ஞாயிறு மாலை, ஊரிலிருந்து நம் தாயார் தொலைபேசியில் பேத்தியிடம், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். மகள், "ஹோ ஆஜி, ஜேவ்லே" என்றாள். மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "ஏன் தம்பி, பிள்ளை யாரைக் கூப்பிடுது?" என்றார் தாயார். அதற்கு முன்னெல்லாம் அவள் அவரை 'அப்பாயி' என்றுதான் அழைப்பாள்.

அன்றிரவு நமக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். பகலெல்லாம் பிள்ளையைக் கீழே விட்டதுதான் தவறு என்றோம் நாம். "இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். நீங்கள் அவளோடு தமிழில் பேசியது எத்தனை நாழிகை?" என்றாள் அவள். பதில் சொல்ல முடியவில்லை. வேறு ஜாகை பார்ப்பதென்றுகூட முடிவாயிற்று.

காரணத்தைச் சொல்லாமல் போவது முறையன்று என்று மறுநாள் காகூவிடம் அரைகுறை மராட்டியில் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. தாம் தார்வாடில் பிறந்தவர் என்றும், வீட்டில் மராட்டியும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர் என்றும், மணமாகிப் புனே வந்தபின் கன்னடம் பேச ஆளே இல்லாமற் போயிற்று என்றும் சொன்னார். சென்ற ஆண்டு பள்ளித்தோழி ஒருத்தி எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினாளாம். "'ஊட்டா ஆய்த்தா?' என்று கேட்டேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. இருவரும் சிரித்தோம், வைத்துவிட்டோம்" என்றவர், சற்று நேரம் புடவைத் தலைப்பையே மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே சட்டம் விதித்தார்: மாடிப்படிக்குக் கீழே மராட்டி, மேலே தமிழ். மாடியில் மகள் மராட்டியில் ஏதேனும் கேட்டால் காகூ காது கேளாதவர்போல் இருந்துவிடுவார். முழங்கால் வலியோடு நாள்தோறும் மாலையில் படியேறி வந்து, குழந்தையோடு உட்கார்ந்து, ஒன்று இரண்டு எண்ணக் கற்றார். மராட்டியில் 'ள' உண்டு, 'ழ' இல்லை. ஆகவே அவர் வாயில் வாழைப்பழம் 'வாளைப்பளம்' ஆயிற்று. நம்மவர் பலருக்கும் அப்படித்தானே என்று விட்டுவிட்டோம். மகள்தான் விடவில்லை, அவர் நாக்கை வளைத்துக் காட்டும்வரை திருத்தினாள். நாமும் தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டு, பகலில் அவளுக்குக் கதை சொல்லத் தொடங்கினோம். ஜாகை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. பதினொரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் மறுபடி பதிவாயிற்று.

விநாயக சதுர்த்திக்கு நம் தாயார் ஊரிலிருந்து வந்தார். அரிசிமாவும் தேங்காய்ப் பூரணமும் ஒன்றுதான். இவர்கள் மடிப்பு மடிப்பாகக் கூராக்கினால் மோதகம், நாம் பிடித்தால் கொழுக்கட்டை. முதியவர் இருவரும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். மகள் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றாள், மொழிபெயர்க்க.

"மாவைப் போட்டு இந்தப் பிசை பிசையிறாங்களே, கல்லு மாதிரி ஆயிடும்னு சொல்லு" என்றார் நம் தாயார்.

"மோதகம் ரொம்ப அழகாக இருக்கிறதாம்" என்று மகள் மராட்டியில் சொன்னாள்.

காகூ மகிழ்ந்துபோய், தாம் செய்ததில் ஒன்றை எடுத்துத் தாயாரின் கையில் வைத்தார். தாழ்வாரத்தில் நின்ற நாம் இரண்டையும் கேட்டோம், வாய் திறக்கவில்லை. அன்று பூசையில் வைத்த இருபத்தொன்றில் பதினொன்று மோதகம், பத்து கொழுக்கட்டை.